தரவிலிருந்து அணிக்கு: கீழைக்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கணினியில் எண்ணியற் கணிப்பினை மேற்கொள்வோர், முதலில் தமக்குக் கிடைத்த தரவுகளை அணிகளாக மாற்றிக்கொள்கின்றனர். இது வெறும் தொழில்நுட்பக் காரியமாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஆயினும் பலதரப்பட்டனவற்றை ஒரே வகையின்கீழ்க் கொணரும் எச்செயலுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அறுகம்பே முதல் கல்முனை வரை வாழும் தமிழ்பேசும் முஸ்லிம் மக்களைக் குடிசன மதிப்பீடு கணக்கிட்ட முறையை உதாரணமாகக் கொண்டு அவ்வரலாற்றை நாம் நோக்குவோம்.

பைத்தன் மொழிக்குரிய நம்பை நூலகம், 1995இல் தோன்றிய நியூமெரிக்கின் வழிவந்து, 2006இல் தன் முதற் பதிப்பைக் கண்டது. அதிலுள்ள 'ஆஸ்அரே' என்னும் சார்பு, பட்டியலாக வரும் தரவினை அணியாக்குகின்றது. முழு எண்களிடையே தசம எண் ஒன்று இருப்பின் யாவும் தசமமாகும். சொல் ஒன்று இருப்பின் எண்களும் சொற்களாகிக் கூட்டற்கரியனவாகும். நீளம் ஒவ்வாத நிரைகளை, கலப்பு வகையென நாமே குறித்தாலன்றி, 2022இன் 1.24ஆம் பதிப்பு முதல் அது ஏற்பதில்லை. உட்செல்வது ஏற்கெனவே உரிய வகை அணியாயின், படியெடுக்காது அதனையே திருப்பித் தருகின்றது. ஒவ்வோர் உறுப்பும் சமமான நினைவிடத்தைக் கொண்டிருப்பதாலேயே கணிப்பு விரைவு பெறுகின்றது. ஆகவே ஒருமை என்பது தரவின் இயல்பன்று. விரைவுக்கு நாம் செலுத்தும் விலை.

இவ்விலை கணினிக்கு முந்தியது. 1890ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஹொலரித்தின் துளையட்டைகள் செய்ததும், இலங்கையில் 1871 முதல் காலனித்துவ எழுதுவினைஞர்கள் கையால் செய்ததும் இதுவே. 'சோனகர்' ஒரு வகையாயினர். 1911இல் அவ்வகை இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் எனப் பிரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அவ்வகை பற்றிய விவாதம் நிகழ்ந்தது. சோனகர் இனத்தால் தமிழரே என 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார், 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்தார். 1889இல் சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்ததை நினைவிற்கொண்டால், இவ்விவாதத்தின் பின்னணியில் மேற்தட்டினரின் பிரதிநிதித்துவப் போட்டி இருந்தமை புலனாகும். பொத்துவிலின் மீனவனோ நிந்தவூரின் வயற்கூலியோ இவ்விவாதத்திற் குரல் பெறவில்லை.

நிரைகளின் எல்லையும் வரலாற்றுக்குட்பட்டதே. 1953இன் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு நிரையில் நின்ற இம்மக்கள், 1961இல் அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டதன் பின் வேறொரு நிரைக்குள் வந்தனர். கல்லோயாக் குடியேற்றப் பிரதேசமும் அதே நிரையில் அடங்கியது. அம்மாவட்டத்தில் 1963இல் சுமார் 46 வீதமாயிருந்த முஸ்லிம்கள் 1981இல் 41.5 வீதமாயினர், சிங்களவர் சுமார் 29 வீதத்திலிருந்து 38 வீதமாயினர். இவ்வீதங்கள் மக்கட் பெருக்கத்தை மட்டுமன்றி, எல்லை வகுத்த அரசியலையும் காணிப் பங்கீட்டையும் சேர்த்தே உரைக்கின்றன.

அதேவேளை, இக்கரையின் முஸ்லிம்களுக்கும் தமிழர்க்கும் பொதுவாயமைந்த தாய்வழிக் குடிமுறை எந்நிரலிலும் இடம்பெறவில்லை. நிரலுக்குள் அடங்காத உறவு காலப்போக்கில் இல்லாத உறவாகவே கருதப்படலாயிற்று. ஆய்வாளர் பலர் பழைய அட்டவணையை மீளச் சோதியாது ஏற்று மேற்செல்வது, 'ஆஸ்அரே' ஆயத்த அணியை அவ்வாறே திருப்பித் தருவதையே ஒத்திருக்கின்றது.

எண்ணிக்கையை நிராகரிப்பது எமது நோக்கமன்று. எண்ணிக்கையின்றிக் காணியுரிமையோ நீர்ப்பங்கீடோ கோர இம்மக்களால் இயலாது. நாம் வலியுறுத்துவது இரண்டு: அணியாக்கிய பின்னரும் மூலப் பட்டியல் பேணப்படுதல் வேண்டும், வகையினை வகுத்தவர் யார், எவர் நலனுக்காக வகுத்தனர் என்ற வினா கணிப்புக்கு முன்னரே எழுப்பப்படுதல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்து, பிழையற்ற கணிதமும் பிழையான வரலாற்றுக்கே துணைபோகும்.