மணலில் எழுந்த நகரங்கள் – 7: தடை வளர்த்த ஊர்

லாஸ் வேகாஸ் என்றதும் துப்பாக்கியும் கோட்டுமாகத் திரிந்த மாஃபியாக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அது சினிமா செய்த வேலை. அந்த ஊருக்குக் கால்கோள் இட்டது ரயில் கம்பெனி.

நெவாடா பாலைவனத்தில் நீராவி எஞ்சின்களுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. இங்கே ஊற்று இருந்தது. 1905 மே 15 அன்று, ரயில் பாதையை ஒட்டிய நிலத்தை மனை போட்டு ஏலம் விட்டார்கள். சாராயக் கடைகளை 16, 17ஆம் பிளாக்குகளுக்குள் அடக்கிவைப்பது கம்பெனியின் திட்டம். சூதாட்டத்துக்கோ 1910 அக்டோபர் முதல் மாநிலம் முழுக்கத் தடை. பின்கட்டில் சீட்டாட்டம் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1922 வேலைநிறுத்தத்தை அடுத்து, ரயில் பழுதுபார்க்கும் பணிமனை கேலியன்டேவுக்குப் போய்விட்டது. ஊர் களையிழந்தது. 1930 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 5,165தான்.

மறு வருடம் இரண்டு காரியங்கள் கூடிவந்தன. பொருளாதார மந்தத்தில் தவித்த நெவாடாவின் ஆளுநர் ஃப்ரெட் பால்சர், மார்ச் 19 அன்று சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிக் கையெழுத்திட்டார். அதே 1931இல் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை வேலை தொடங்கியது. பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

இங்கேதான் வேடிக்கை. தொழிலாளர்கள் கெட்டுப்போகக் கூடாதென்று மத்திய அரசு போல்டர் சிட்டி என்ற குடியிருப்பைக் கட்டியது. அங்கே மதுவும் கிடையாது, சூதும் கிடையாது. நுழைவாயிலில் வண்டிகளைச் சோதித்தார்கள். நிர்வாகி சிம்ஸ் ஈலி கண்டிப்புக்குப் பேர்போனவர். கறுப்பினத் தொழிலாளர்களுக்கோ அங்கே குடியிருக்கவே இடமில்லை. அவர்கள் வேகாஸின் மேற்குப் பகுதியில் தங்கி வேலைக்குப் போய்வந்தார்கள். சம்பளம் கைக்கு வந்ததும் மற்றவர்களும் வண்டியேறினார்கள். சுமார் நாற்பது கிலோமீட்டரில் வேகாஸின் ஃப்ரீமான்ட் தெரு. சட்டம் வந்த பிறகு அந்த ஊரின் முதல் உரிமத்தைப் பெற்றிருந்த நார்தர்ன் கிளப் அங்கேதான் இருந்தது. உரிமம் மேமி ஸ்டாக்கர் என்ற பெண்மணியின் பெயரில். அரசு கொடுத்த கூலி, அரசு ஒதுக்கிவைத்த மேசைக்கே போய்ச் சேர்ந்தது.

அணை முடிந்ததும் கூட்டம் கலைந்தது. ஆனால் அணை மின்சாரம் மிஞ்சியது. 1941 ஏப்ரலில், நகர எல்லைக்கு வெளியே, லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலையோரம் தாமஸ் ஹல் 'எல் ராஞ்சோ வேகாஸ்' விடுதியைத் திறந்தார். இன்று 'ஸ்ட்ரிப்' எனப்படும் சாலையின் முதல் சூதாட்ட விடுதி அதுதான்.

மாஃபியாக்காரர் பக்ஸி சீகலின் ஃபிளமிங்கோ விடுதி திறந்தது 1946 டிசம்பரில். அவர் கதை அடுத்த வாரம்.