தைராய்டு மருந்தும் அதன் அளவும்

ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று என்று கேள்விப்பட்டதும், அந்நோயின் கதை முடிந்துவிட்டதாக நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் மருந்தைக் கண்டது ஒரு வரலாறு. அதன் அளவைக் கண்டது மற்றொரு வரலாறு. தைராய்டு சுரப்புக் குறைவினால் வரும் நோயில் இவ்விரண்டுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டு கழிந்தது.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உடலுறுப்புகள் இயங்கும் வேகத்தை அதன் சுரப்பு நிர்ணயிக்கிறது. சுரப்புக் குறைந்தால், அடுப்பில் தணல் அடங்கினாற்போல, உடல் முழுவதும் மந்தமடைகிறது. ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், சரும வறட்சி, முடி உதிர்தல், முகவீக்கம், மறதி, மனச்சோர்வு ஆகியவை மெல்ல மெல்லத் தோன்றுகின்றன. மெல்ல வருவதனாலேயே அவற்றை மூப்பென்றும் சோம்பலென்றும் வீட்டார் கருதிவிடுகின்றனர். பெண்களே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாகிறார்கள்.

லண்டன் மருத்துவர் வில்லியம் கல், நடுவயதுப் பெண்களிடம் தாம் கண்ட இந்நிலையை 1873-ஆம் ஆண்டில் விவரித்தார். சில ஆண்டுகளில் வில்லியம் ஆர்டு என்பவர் அதற்கு ‘மிக்ஸெடீமா’ என்று பெயரிட்டார். பெயர் கிடைத்ததேயன்றிக் காரணம் விளங்கவில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுவதும் அகற்றப்பெற்ற தம் நோயாளிகள் பின்னர் மந்தமுற்றுச் சீர்குலைந்ததை 1883-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே ஃபெலிக்ஸ் ஸெமன் என்பவர் லண்டனில், இரண்டும் ஒரே குறையின் விளைவுகள் என்றார். கேட்டவர்கள் நகைத்தார்கள். எனினும் ஒரு குழு அமைந்து ஆராய்ந்து, அவர் கூற்றே சரியென்று 1888-இல் அறிக்கை தந்தது.

இல்லாததைக் கொடுத்தால் நோய் நீங்கவேண்டுமன்றோ? நியூகாஸில் நகரத்து இளம் மருத்துவர் ஜார்ஜ் மரே, 1891-இல் ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசிவழிச் செலுத்தினார். வீக்கம் வடிந்தது, பேச்சுத் தெளிந்தது. அடுத்த ஆண்டிலேயே அதை வாய்வழியாகவும் கொடுக்கலாம் என்று பிற மருத்துவர்கள் காட்டினர். அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-இல் தமது 74-ஆம் வயதில் காலமானார். அதுவரை அவருக்குப் பயன்பட்ட ஆடுகள் 870-க்கும் மேற்பட்டவை.

ஆனால் ஓர் ஆட்டின் சுரப்பியைப்போல் மற்றோர் ஆட்டினது இருப்பதில்லை. சாறு குறைந்தால் பழைய மந்தம். மிகுந்தால் நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், உறக்கமின்மை. தளர்ந்த இதயமுள்ளோருக்கு உயிராபத்தும் நேரலாம். மிகுதி, குறைவு இரண்டுமே நோய் தரும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொன்னதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல், 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று சுரப்பியின் சத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுவே தைராக்ஸின். இங்கிலாந்தில் சார்லஸ் ஹாரிங்டனும் ஜார்ஜ் பார்கரும் 1927-இல் அதைச் செயற்கையாக உருவாக்கினர். பின்னாளில் அதன் சோடிய உப்பு மாத்திரையாக வந்தபோது, மருந்தை நிறுத்தளக்க முடிந்தது. ஆயினும் நோயாளிக்கு எவ்வளவு தேவை என்பதை நிறுக்கத் தராசு இல்லை. நாடியையும், தோற்றத்தையும், உடல் உட்கொள்ளும் பிராணவாயுவின் அளவையும் பார்த்தே மருத்துவர்கள் மதிப்பிட்டனர்.

நம் நாட்டில் அக்காலத்தில் நடந்த முக்கியமான பணி வேறு வகையானது. காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி முதலானோர் 1956-இல் தொடங்கிய ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பினால் கழலை குறைவதை மெய்ப்பித்தது. தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1962-இல் பிறந்தது. ஆனால் உப்பு வருமுன் காப்பது; சுரப்பியே பழுதுற்றவருக்கு மாத்திரைதான் துணை.

அத்தராசு 1965-ஐ ஒட்டிக் கிடைத்தது. தைராய்டு சோர்ந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, ‘டி.எஸ்.எச்.’ என்னும் ஏவல் சுரப்பை மிகுதியாக அனுப்புகிறது. தைராக்ஸின் மிகுந்தால் ஏவலைக் குறைக்கிறது. இதை இரத்தத்தில் அளக்க இயன்றதும், நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை கொடுத்துவந்த வழக்கம் பலருக்கு மிகையென்று தெரிந்தது. மிகையான மருந்து நெடுங்காலத்தில் எலும்பைத் தேய்க்கும். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும்.

இன்று, சுரப்பு முற்றிலும் அற்றவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது கணக்கு. முதியோருக்கும் இதய நோயாளருக்கும் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவர். மருந்தில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஒரு வாரம் ஆவதால், அளவை மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தே மீண்டும் சோதிக்கவேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் மாத்திரை உட்கொண்டு, காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் முன் அரைமணி முதல் ஒருமணி நேரமாவது இடைவெளி விடுதல் நன்று. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. கருவுற்ற பெண்ணுக்கு மருந்தின் தேவை உயர்வதால் அவர் உடனே மருத்துவரை அணுகவேண்டும்.

சோதனை எண் சரியாக இருந்தும் சிலருக்குச் சோர்வு நீங்குவதில்லை. அவர்கள் தாமாக மாத்திரையைக் கூட்டுவதும் தவறு. அவர்களது முறையீட்டை மற்றவர் புறக்கணிப்பதும் தவறு. இரத்தசோகை போன்ற வேறு காரணங்களை மருத்துவர் தேடிப் பார்க்கவேண்டும். தராசு கிடைத்துவிட்டமையால் நோயாளியின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே சரியான அளவைக் காண்கிறார்.