‘ப்ரொன்ஃபெர்மெல்டிங்’ - வாயில் நுழையாத இந்த டச்சு வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

டச்சு செய்தித் தளம் எதையாவது திறந்து, அதில் இருக்கும் ஒரு வரைபடத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. ஓரத்துல பொடி எழுத்தில் ‘ப்ரொன்’னு போட்டு, பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகமான சி.பி.எஸ்! இப்படி எடுத்த இடத்தைச் சொல்றதுக்குப் பேருதான் ‘ப்ரொன்ஃபெர்மெல்டிங்’.

வாய் சுளுக்குதா? ரெண்டா உடைச்சுக்கோங்க. ‘ப்ரொன்’ என்றால் ஊற்று. பாட்டிலில் விற்கும் ஊற்றுநீரை டச்சுக்காரர்கள் ‘ப்ரொன்வாட்டர்’னுதான் சொல்வாங்க. தகவல் ஊறி வந்த இடமும் அவங்களுக்கு ‘ப்ரொன்’தான். (அழகா இருக்குல்ல?) ‘ஃபெர்மெல்டிங்’ என்றால் குறிப்பிடுவது.

நெதர்லாந்தில் மேல்நிலைப் படிப்பை முடிக்கும் மாணவர்கள், சுமார் 80 மணி நேரம் உழைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை தயாரிக்கணும். அங்கேயே இந்த வார்த்தை பழகிடும். கடைசிப் பக்கத்தில் புத்தகப் பட்டியல் போட்டால் மட்டும் போதாது. அதுக்குப் பேர் ‘ப்ரொன்னன்லெய்ஸ்ட்’. எந்த வரி எங்கிருந்து வந்ததுன்னு அந்தந்த இடத்திலேயும் சொல்லணும். ‘ஸோண்டர் ப்ரொன்ஃபெர்மெல்டிங்’ (மூலம் சொல்லாமல்) எடுத்தால், அது திருட்டு எழுத்து.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். யாரோ எடுத்த போட்டோவைப் போட்டுட்டு, கீழே ‘கிரெடிட்’ கொடுத்துட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறீங்களா? டச்சு சட்டப்படி முடியலை. அங்கே 1912-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்தான் இன்னமும், பல திருத்தங்களோடு, நடைமுறையில் இருக்கு. அதன் 15ஏ பிரிவு, விமர்சனம், ஆய்வு மாதிரியான காரணங்களுக்காக மேற்கோள் காட்ட அனுமதிக்குது. ஆனா, எடுக்கும் அளவு அந்தத் தேவைக்குப் பொருத்தமா இருக்கணும். முடிஞ்சவரைக்கும் மூலத்தையும் படைத்தவர் பெயரையும் தெளிவா சொல்லணும். பேர் போடுறது அந்த நிபந்தனைகளில் ஒண்ணு, அவ்வளவுதான். பதிவை அழகாக்க ஒரு போட்டோவை எடுத்தால், பேர் போட்டிருந்தாலும் உரிமையாளர் பணம் கேட்கலாம்.

சில தளங்களே ‘மெட் ப்ரொன்ஃபெர்மெல்டிங்’ (மூலம் குறிப்பிட்டு) எடுத்துக்கோங்கன்னு அனுமதி கொடுத்திருக்கும். அங்கே தைரியமா எடுக்கலாம். ‘நாம்ஸ்ஃபெர்மெல்டிங்’னு இருந்தா, கேட்பது படைத்தவரின் பெயரை. பெயரைச் சொன்னால் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கும் டச்சில் அதே பேர்தான். அங்கே தளத்தோட பேரை மட்டும் போட்டுட்டு, போட்டோ எடுத்தவரை விட்டுடாதீங்க!