கார்டினா சீட்டாட்டக் கூடங்கள் - ஒரு மாணவரின் கேள்விக்குப் பதில்



போன வாரம் கலிபோர்னியாவிலிருந்து நம் பழைய மாணவர் ஒருவர் பேசினார். "சார், இங்கே போக்கர் கூடங்கள் நிறைய இருக்கு. பொழுதுபோக்குக்குத்தான் விளையாடணும். என்னை மாதிரி புது ஆளை முகம் சுளிக்காம உட்கார வைக்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரித்தேன். ஆனால் இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே கார்டினா என்று ஒரு சிறு நகரம். கலிபோர்னியாவின் பழைய சூதாட்டச் சட்டம் ஆட்டங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அந்தப் பட்டியலில் 'டிரா போக்கர்' இல்லை. அதை அனுமதிப்பது அந்தந்த ஊரின் விருப்பம் என்றானது. 1936-இல் எர்னி பிரிம் என்பவர் கார்டினாவில் கூடம் திறந்தார். பிறகு அங்கே ஆறு கூடங்கள் வரை நடந்தன.

அவை நடந்த விதத்தைக் கவனியுங்கள். கூடம் ஆட்டத்தில் சேராது. சீட்டை ஆடுபவர்களே முறை வைத்துப் போட்டுக்கொள்வார்கள். அரை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று நாற்காலிக்கு வாடகை. மது கிடையாது, சாப்பாடு உண்டு. யார் ஜெயித்தாலும் கூடத்துக்கு ஒன்றுதான், நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. அதனால்தான் ஓய்வு பெற்றவர்களும் இல்லத்தரசிகளும் தயங்காமல் போனார்கள்.

வாடகை மட்டும் எல்லோர் பையிலிருந்தும் கரைந்துகொண்டே இருக்கும். டேவிட் ஹயானோ என்ற மானிடவியல் அறிஞர் அங்கே தாமே உட்கார்ந்து ஆடி, அதையே பிழைப்பாகக் கொண்டவர்களைப் பற்றி 1982-இல் புத்தகம் எழுதினார். அவர்களுக்கு வருமானம் எதிரே இருப்பவரிடமிருந்துதானே வர வேண்டும்?

1980-களில் பக்கத்து ஊர்களிலும் பெரிய கூடங்கள் வந்தன. 1987-க்குப் பின் 'ஹோல்டெம்' ஆட்டமும் நுழைந்தது. கார்டினாவின் பழைய கூடங்கள் மங்கின. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் லாஸ் வேகாஸ் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் வென்றார். அந்த ஆண்டு அதில் ஆடியவர்கள் 839 பேர். 2006-இல் 8,773 பேர். புது ஆளுக்கு எங்கும் மவுசு கூடியது.

உறவுகளில் பலருக்குத் தெரியும், என் சித்தப்பாவையும் ஒரு மனமகிழ் மன்றத்தில் "வாங்கண்ணே" என்று நாற்காலி இழுத்துப் போட்டுத்தான் உட்கார வைத்தார்கள். சித்தியின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. அந்த மன்றத்தில் ஒருவரும் அவரிடம் கடுஞ்சொல் பேசியதில்லை.

ஆகவே தம்பி, முதலில் அந்தக் கூடம் காசை எப்படி எடுக்கிறது என்று கேள்: நேரத்துக்கா, ஒவ்வொரு ஆட்டத்தின் பந்தயத்திலிருந்தா? ஆகக் குறைந்த தொகை மேசையைக் கேள். அரை மணி நேரம் நின்று பார். தவறாக ஆடியவரிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலேயே அந்த இடம் தெரிந்துவிடும். சினிமாவுக்குப் போகிற மாதிரி, திரும்பி வராது என்று நினைத்த பணத்தை மட்டும் கொண்டு போ. ஏ.டி.எம். கார்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

போய்விட்டு வந்து எனக்குப் போன் செய். தோற்றாலும் செய். சித்தப்பா யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான் எங்களுக்குப் பெரிய நஷ்டம்.

வாழ்க வளமுடன்.