தாது வருஷத்து மழை

'மழை பொய்த்தது' என்று சொல்கிறோம். இது அலங்காரமாகச் சொன்ன சொல் என்று எனக்குத் தோன்றவில்லை. வாக்குக் கொடுத்தவன் தவறினான் என்கிற பிராதுதான் அதில் இருக்கிறது. 1876இல், தாது வருஷத்தில், சென்னை மாகாணத்துக்குத் தென்மேற்கும் தவறியது, வடகிழக்கும் தவறியது. பசிபிக் சமுத்திரம் அசாதாரணமாகச் சூடேறியதற்கும் அந்த வருஷங்களின் வறட்சிக்கும் தொடர்பு உண்டு என்பது இன்று தெரிகிறது. அன்று ஆகாயத்தைத்தான் பார்த்தார்கள்.

மானாவாரிக்காரனுக்கு வருஷ மொத்தம் எத்தனை அங்குலம் என்பது பிறகு வரும் விஷயம். கம்பும் சோளமும் முளைக்க ஒரு மழை, கதிர் பிடிக்க ஒரு மழை. நாள் தவறியபின் கொட்டித் தீர்த்தும் பயனில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பாவிட்டால் நஞ்சையும் இல்லை, மாட்டுக்கு வைக்கோலும் இல்லை. மாடு செத்தபின் அடுத்த வருஷம் மழை வந்தாலும் ஏரில் எதைப் பூட்டுவது?

ஆனால் சாவு முழுவதையும் மழையின் பேரில் பற்று எழுதிவிட முடியாது. 1873இல் பீஹாரிலும் மழை தவறியது. மறு வருஷம் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்தார். பட்டினியில் செத்தவர் மிகச் சிலர். ஊதாரி என்று பெயரெடுத்தார். 1877 ஜனவரியில் அதே மனிதரை வைசிராய் லிட்டன் சென்னைக்கு அனுப்பியபோது பாடம் படித்தவராக வந்தார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. இதில் உடம்பு தரிக்காது என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதம் கழித்துக் கூலி உயர்ந்தது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய் அந்தப் பஞ்சத்துக் கூலிகள் வெட்டியது. கடைசியில் மழை வந்தபோது கூடவே காய்ச்சலும் வந்து, மிஞ்சிய உடம்புகளைக் கொண்டுபோயிற்று. தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பீடு.

நவீனத்தை மணிக்கொடியிலிருந்து எண்ணத் தொடங்குகிற நாம் (நானும் சேர்த்திதான்) வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாச'த்தைப் பழைய பாணிக் கேலி என்று ஒதுக்கிவிட்டோம். அதில் தாது வருஷத்துப் பஞ்சத்துக்கு முறையிட வந்தவர்களிடம் மதுரைச் சொக்கநாதரே கைவிரிக்கிறார். சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு திருமுகம் கொடுத்தனுப்புகிறார். கடிதம் கலெக்டர் கச்சேரிக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.