மெலட்டூர் யாருடையது?

ஆரம்பாக்கத்துக்கு அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரம். இங்கே வங்கிக் கவுண்டருக்கு வரும் மீனவர் என்னிடம் தமிழில் பேசிவிட்டுத் தம் மனைவியிடம் தெலுங்கில் கணக்குச் சொல்கிறார். 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. நிலத்தை இப்படிப் பங்கிட்டுக்கொள்ளலாம். நடனத்தை?

மெலட்டூர் பாகவத மேளத்தைத்தான் சொல்கிறேன். தஞ்சை ஜில்லாவில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, பெருமாள் சந்நிதி முன் ஆண்களே எல்லா வேஷமும் கட்டி இரவில் ஆடும் நாடகம். பிரகலாத சரித்திரம் முதலானவற்றை எழுதிய வேங்கடராம சாஸ்திரி அந்த ஊர்க்காரர், தியாகராஜருக்கு மூத்த சமகாலத்தவர். ஆடுகிறவர்கள் நாயக்கர் கால மானியத்தில் குடியேறிய பிராமணக் குடும்பங்கள். மொழி தெலுங்கு.

வினை இங்கேதான். தமிழ்க் கலைச் சரித்திரக்காரர்கள் தெலுங்கென்று ஒதுக்குகிறார்கள். தெலுங்கர்களோ கிருஷ்ணா தீரத்துக் கூச்சிபூடியின் கிளை என்று ஒரு வாக்கியத்தில் முடிக்கிறார்கள். தஞ்சைக்காரர்கள் விடுவார்களா? கூச்சிபூடியின் மூலபுருஷர் சித்தேந்திர யோகி, வரகூர் நாராயண தீர்த்தரின் சீடர் என்ற ஐதீகத்தைக் காட்டிக் கிளையையே வேராக்குகிறார்கள். கோல்கொண்டா தானீஷா கூச்சிபூடிக்கு மானியம் தந்த கதையோடு சித்தேந்திரரைச் சேர்த்தால் அவர் 17ஆம் நூற்றாண்டுக்காரர். தீர்த்தரை 18ஆம் நூற்றாண்டுவரை இழுப்பவர்கள் உண்டு. ஆட்டத்துக்குச் சான்றாகக் காட்டும் மாச்சுப்பல்லி கைஃபியத்தோ 1502க்குப் போகிறது. குருவுக்கு முன்பே சீடன், சீடனுக்கு முன்பே ஆட்டம்!

இந்தச் சண்டையை ஆடுகிறவர்கள் தொடங்கவில்லை. 1953ல் ஆந்திரம் பிரிந்தது, 1956ல் மொழிவாரி மாநிலங்கள், 1958ல் தில்லியில் சங்கீத நாடக அகாதமியின் நடனக் கருத்தரங்கு. மாநிலத்துக்கொரு நடனம் தேவைப்பட்டது. அந்த ஆந்திர நடனத்துக்கு இன்றைய மேடை உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவரான வெம்பட்டி சின்ன சத்யம் 1963ல் தமது அகாதமியைத் தொடங்கியது எங்கே? சென்னையில்.

ஐரோப்பாவிலும் இப்படி உண்டு. செக் மக்கள் தமதென்று கொண்டாடும் போல்காவின் பெயருக்கு அர்த்தம் 'போலந்துக்காரி'. ஆனால் போல்காவை எல்லோரும் ஆடினார்கள், பிழைத்துக்கொண்டது. ஊத்துக்காட்டிலும் நல்லூரிலும் மேளம் நின்றுபோயிற்று. தெருக்கூத்தைத் தேடிக்கொண்டு வடஆற்காடு போன நம்மில் பலர் மெலட்டூருக்குப் போகவில்லை. தெலுங்கு, பிராமணர் என்ற இரட்டைக் கூச்சம் என்றுதான் எனக்குப் படுகிறது. நானும் பல வருஷம் தள்ளிப்போட்டவன்.

போனபோது பக்கத்தில் ஒரு பாட்டியம்மா. ஒரு சொல் தெலுங்கு தெரியாது என்றார். லீலாவதி தன் பிள்ளைக்கு விஷம் கொடுக்க நிற்கும் இடத்தில், வேஷம் கட்டியவர் ஆண் என்பதும் தெரிந்தே, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.