மணி பிளான்ட்: களவும் பெயரிடலும்

‘காசு குடுத்து வாங்கினா தங்காது, யாருக்கும் தெரியாம ஒரு கிள்ளு கிள்ளிட்டு வந்து வச்சாத்தான் தழைக்கும்.’ மணி பிளான்ட் பற்றி நமது நடுத்தர வர்க்க வீடுகளில் புழங்கும் இந்தப் பேச்சை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிடுவது சுலபம். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் அதைத்தான் செய்வார்கள். நான் இதை ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்க விரும்புகிறேன். ஏனெனில் இச்செடியின் எழுதப்பட்ட வரலாற்றில் பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள், விற்றவர்கள் இருக்கிறார்கள். அது முளைத்த மண்ணின் மனிதர்கள் மட்டும் இல்லை.

இதன் தாயகம் தென்பசிபிக்கில், டஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மோரெயா என்கிற சின்னத் தீவு. பெல்ஜியத்தில் நாற்றங்கால் நடத்திய ழான் லிண்டனும் எதுவார் ஆந்த்ரேயும் தோட்டக்கலைப் பத்திரிகையொன்றில் இதற்கு ‘போதோஸ் அவ்ரியஸ்’ எனப் பெயரிட்டது 1880இல். அதே 1880 ஜூன் 29 அன்று அரசன் ஐந்தாம் பொமாரே தன் ஆட்சியிலிருந்த டஹிட்டி, மோரெயா முதலியவற்றை பிரான்சுக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தான். ஒன்றுக்கு இன்னொன்று காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே ஆண்டில் தீவு ஒரு ஏட்டில் ஏறியது, செடி இன்னொரு ஏட்டில் ஏறியது. செடி ஏறிய கணக்கில் ஊர்ப்பெயர்கூட ஒட்டவில்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாலமன் தீவுகளின் பெயரால் அதை ‘சாலமன் தீவு ஐவி’ என்றும் அழைத்தார்கள்.

இதற்கு முன்பே 1789இல் டஹிட்டியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஈரப்பலாக் கன்றுகளோடு ‘பவுண்டி’ கப்பல் கிளம்பியது. கரீபியத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடும் ஏற்பாடு அது. கப்பலில் கலகம் வெடித்து கன்றுகள் கடலுக்குப் போனதால் கதையாயிற்று, சினிமாவும் ஆயிற்று. அலங்காரச் செடிகளுக்கு இப்படியான கதைகூடக் கிடையாது.

‘போதோஸ்’ என்ற சொல்லும் ஐரோப்பாவினுடையதல்ல. இலங்கையில் இவ்வகைக் கொடியொன்றைச் சிங்களத்தில் ‘போத்தா’ என்பார்கள். டச்சுக் கம்பெனி மருத்துவர் பால் ஹெர்மன் அங்கே சேகரித்தவற்றை வைத்துக்கொண்டு, இலங்கைப் பக்கமே வராத லின்னேயஸ் அச்சொல்லை லத்தீனாக்கினார். அதைக் கொண்டுபோய் மோரெயாக் கொடிக்குச் சூட்டினார்கள். பெயர் நிலைக்கவுமில்லை. 1908இல் ‘சிண்டாப்சஸ்’, 1963இல் ‘ராபிடோபோரா’, அடுத்து ‘எபிப்ரெம்னம்’. பூவைப் பார்க்காமல் இனம் பிரிப்பது கடினம், இதுவோ பூப்பதேயில்லை. 1962இல் அபூர்வமாக ஒன்று பூத்த பிறகுதான் கடைசி இரண்டு மாற்றங்களும்.

ஏன் பூப்பதில்லை என்பதற்கு 2016இல் விடை வந்தது: ஜிப்பரெலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனைத் தெளித்தால் பூக்கிறது. ஆக, விதை வழியில் பெருகாத செடி. உங்கள் ஜன்னலில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிற்பது ஏதோ ஒரு கொடியின் துண்டின் துண்டு. இங்கேதான் அந்தக் களவுப் பேச்சு எனக்கு முக்கியமாகிறது. ஒரு கணு போதும், தண்ணீரில் வேர் விட்டுவிடும். கொடுத்தவருக்கும் குறைவதில்லை. அப்புறம் எதுக்குக் காசு? பணத்தின் பெயரைச் சூடிய செடி, பணம் கைமாறினால் பலிக்காது என்று சனங்களால் சொல்லப்படுகிறது. சந்தை இதைக் கேலியென்று புரிந்துகொள்ளவில்லை, நர்சரிக்காரன் விற்றுக்கொண்டுதான் இருக்கிறான். 1989இல் நாசா செய்த மூடிய பெட்டிச் சோதனையைக் காட்டி ‘காற்றைச் சுத்தமாக்கும்’ என்கிறார்கள். சாதாரண அறையில் அதற்கு ஒரு சதுரமீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று 2019இல் கணக்கிட்டுச் சொன்ன பிறகும் விடவில்லை.

தொட்டியில் இது வாழ்நாள் முழுக்கக் குழந்தை இலைதான் விடும். மரத்தில் ஏறவிட்டால் இலை முறம் அளவுக்கு விரிந்து கிழிபடும். இலங்கையிலும் ஹவாயிலும் காடுகளில் புகுந்து ஆக்கிரமிப்புச் செடியாகியிருக்கிறது. அங்கே அதை வெட்டி எறியத்தான் ஆள் தேடுகிறார்கள்.

மோரெயா இன்றும் பிரான்சின் கையில். அதே பாலினேசியாவில் 1966 முதல் 1996 வரை பிரான்ஸ் 193 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1974 ஜூலையில் வெடித்த ஒன்றின் கதிரியக்கத் தூசி டஹிட்டி வரை வந்து விழுந்தது. மோரெயா அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்.